எச்பிஎல்சியில் 99.8, டைட்ரேஷனில் 97.2: எது சரி?

நீலலிட்மஸ்

எல்லோருக்கும் வணக்கம். மருந்து இடைப்பொருள் தயாரிக்கும் ஒரு சின்ன ஆலையில் க்யூசி (தரக் கட்டுப்பாடு) பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஒரு பேட்ச் என்னைப் போட்டுக் குழப்புகிறது. பொருளின் பெயரைச் சொல்ல முடியாது. ஒரே ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி உள்ள வெள்ளைப் பொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்பிஎல்சியில், அதாவது கரைசலைக் குழாயில் ஓட்டிப் பிரித்துப் புற ஊதா ஒளியில் பார்க்கும் கருவியில், 254 நானோமீட்டரில் ஏரியா பர்சென்ட் 99.8 வருகிறது. அதே பொடியை சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளந்தால், அதாவது டைட்ரேட் செய்தால், 97.2தான். திரும்பத் திரும்பச் செய்தும் பெரிதாக மாறவில்லை. மேலாளர் 99.8ஐ ரிப்போர்ட்டில் போடச் சொல்கிறார். எதை நம்புவது?

பிப்பெட்

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான விடை, அவ்வளவுதான்.

ஏரியா பர்சென்ட் என்ன சொல்கிறது? காலம் என்ற பிரிப்புக் குழாயிலிருந்து வெளியே வந்து, 254இல் ஒளியை உறிஞ்சி, வரைபடத்தில் பீக்காக (மேடாக) தெரிந்தவற்றில் உங்கள் பொருளின் பங்கு 99.8. குழாயிலேயே ஒட்டிக்கொண்டது கணக்கில் இல்லை. ஒளியை உறிஞ்சாதது கணக்கில் இல்லை. தண்ணீர் தெரியாது, உப்பு தெரியாது, எத்தில் அசிட்டேட் மாதிரியான மிச்சக் கரைப்பான் 254இல் தெரியாது. பொடியில் பாதி சமையல் உப்பைக் கலந்து செலுத்தினாலும் ஏரியா பர்சென்ட் 99.8 என்றே வரும். டைட்ரேஷன் அப்படியில்லை. நீங்கள் தராசில் நிறுத்த எடையில் எத்தனை பங்கு அமிலம் என்று அது சொல்கிறது.

மூன்று எண் வேண்டும்: கார்ல் ஃபிஷர் முறையில் ஈரம், சல்ஃபேட்டட் ஆஷ் (கந்தக அமிலத்தோடு எரித்தபின் மிஞ்சும் சாம்பல்), ஜிசியில் (வாயு குரோமட்டோகிராஃபி) மிச்சக் கரைப்பான். எடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம். அதுவரை 99.8ஐ 'அஸே' (எடையில் உண்மையான பொருளின் பங்கு) என்ற கட்டத்தில் எழுதாதீர்கள். 'குரோமட்டோகிராஃபி தூய்மை' என்ற கட்டத்தில் எழுதலாம், அங்கே அது உண்மை.

பழைய வாத்தியார்

பிப்பெட் சொன்னதோடு ஒன்று. உங்கள் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலை எப்போது, எதை வைத்துத் தரப்படுத்தினீர்கள் (சரியான செறிவைக் கண்டறிந்தீர்கள்) தம்பி? அந்தப் பெல்லட் பாட்டிலில் 97 சதவீதம், 98 சதவீதம் என்று போட்டிருப்பது சீல் பிரிக்கும் வரைக்கும்தான். திறந்து வைத்து ஒரு பெல்லட்டை வாட்ச் கிளாசில் போட்டுப் பாருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே பளபளவென்று ஈரம் கோக்கும், கொஞ்ச நேரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் சேர்த்து இழுத்துக் கார்பனேட் ஆகும். அதனால்தான் அதை முதன்மைத் தரப்பொருளாக, அதாவது மற்றதை அளக்கும் அடிப்படையாக, யாரும் எடுப்பதில்லை. பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டை 110 முதல் 120 டிகிரியில் உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலனில்) ஆறவிட்டு, அதை வைத்துத் தரப்படுத்த வேண்டும். காற்றில் ஈரம் இழுக்காது, மோலார் நிறை 204.22, நிறுப்பதில் வரும் பிழையும் சிறியது. உலகத்தில் எந்தத் தூய்மை எண்ணைப் பின்னோக்கித் துரத்தினாலும் இப்படி ஒரு பாட்டிலில்தான் போய் நிற்கும்.

நீலலிட்மஸ்

ஐயா, தாலேட் வைத்துத்தான் தரப்படுத்தினோம், அன்றன்றைக்கே. பிப்பெட் கேட்ட எண்கள் இதோ: ஈரம் 2.1, ஆஷ் 0.4, எத்தில் அசிட்டேட் 0.2.

பிப்பெட்

அருமை. கூட்டினால் 2.7. நூறில் கழித்தால் 97.3. அதில் 99.8 சதவீதம்தான் உங்கள் பொருள், ஆக 97.1. டைட்ரேஷன் 97.2. இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டது. உங்கள் கையில் தவறே இல்லை. நிறை சமன்பாடு என்று இதைத்தான் சொல்வார்கள். ஆஷ் 0.4 வருவதைப் பார்த்தால், கரைசலை உலர்த்தப் போட்ட சோடியம் சல்ஃபேட் வடிகட்டலில் நழுவியிருக்குமோ என்று உற்பத்திப் பிரிவில் கேளுங்கள். ஈரத்துக்கு உலர்த்தும் நேரத்தைப் பார்க்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் 'உள்ளது உள்ளபடி' 97.2 என்றும், 'நீரற்ற அடிப்படையில்' 99.3 என்றும் தனித்தனியாகப் போடுங்கள். எந்த அடிப்படை என்று எழுதாத சதவீதத்தை யாரிடமிருந்தும் வாங்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கறார்பேர்வழி

ஏன் இவ்வளவு சுற்று? டைட்ரேஷன் ஒன்றே போதும். எடைக்கு எடை கணக்கு, ஒளி உறிஞ்சுகிறதா இல்லையா என்ற தலைவலியே கிடையாது. பழைய ஆட்கள் அதை வைத்துத்தான் மருந்தே செய்தார்கள்.

பிப்பெட்

டைட்ரேஷனுக்கு அமிலம்தான் தெரியும், எந்த அமிலம் என்று தெரியாது. தயாரிப்பின் முந்தைய படியில் மிச்சமான வேறொரு அமிலம் 3 சதவீதம் இருந்தால் அதையும் சேர்த்து எண்ணிவிட்டு நூறுக்குப் பக்கத்தில் காட்டும். அதை எச்பிஎல்சி பிடிக்கும். அதனால்தான் இரண்டும் வேண்டும் என்கிறேன்.

ஒரே சோதனையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2008இல் சீனாவில் நடந்த பால்மாவு விவகாரத்தைவிடக் கொடிய சாட்சி வேண்டாம். பாலில் புரதம் எவ்வளவு என்று பார்க்க கெல்டால் முறையில் நைட்ரஜனை அளந்து, 6.38 ஆல் பெருக்குவார்கள். சோதனைக்குத் தெரிவது நைட்ரஜன் மட்டும். தண்ணீர் ஊற்றிய பாலில் மெலமைனைக் கலந்தார்கள். மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். எண் அழகாக வந்தது. ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சோதனையை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் அதை ஏமாற்றினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அதே வருடம் ஹெப்பாரின். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசிமருந்து. உறைதலைத் தடுக்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனையில் தேறியது, ஏனென்றால் கலந்திருந்த மிகை சல்ஃபேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டினுக்கும் அந்தக் குணம் உண்டு. என்எம்ஆர், கேபிலரி எலெக்ட்ரோஃபொரேசிஸ் என்ற வேறு இரண்டு பகுப்பாய்வு முறைகளில் வைத்துப் பார்த்த பிறகுதான் அகப்பட்டது.

பழைய வாத்தியார்

கலப்படக்காரன் யாரும் இல்லாமலே இப்படி நடந்திருக்கிறது. 1892இல் ராலே பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனையும் மற்றதையும் நீக்கிக் கிடைத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம். சேர்மங்களிலிருந்து தயாரித்த நைட்ரஜன் 1.2505 கிராம். வித்தியாசம் அரை சதவீதம். அன்றைய எந்த வேதிச் சோதனையிலும் காற்று நைட்ரஜன் தூயதுதான், ஏனென்றால் அதில் ஒளிந்திருந்த பொருள் எதனோடும் வினைபுரியவில்லை. தராசு மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. ராம்சேயோடு சேர்ந்து 1894இல் ஆர்கான் என்று அறிவித்தார்கள். 'தூய' நைட்ரஜனில் ஒரு சதவீதத்துக்கும் மேலே ஆர்கான் உட்கார்ந்திருந்தது! கேவண்டிஷ் 1785லேயே மின்பொறி விட்டு நைட்ரஜனை எல்லாம் தீர்த்த பிறகு ஒரு சிறு குமிழி மிஞ்சுவதைப் பார்த்து, மொத்தத்தில் 120இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று எழுதி வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் அதை யாரும் கையில் எடுக்கவில்லை. வகுப்பில் இந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

வேதி_இரண்டாமாண்டு

ஐயா, எங்கள் கல்லூரியில் எச்பிஎல்சி எல்லாம் கிடையாது, உருகுநிலை மட்டும்தான் பார்க்கிறோம். அதை வைத்துத் தூய்மை சொல்ல முடியாதா?

பழைய வாத்தியார்

நிறையவே சொல்லலாம். எண்ணை மட்டும் பார்க்காதே, அகலத்தைப் பார். தூய பென்சாயிக் அமிலம் 122 டிகிரியில் ஒரு டிகிரி இடைவெளிக்குள் பளிச்சென்று உருகி முடியும். மாசு இருந்தால் முன்கூட்டியே கேபிலரிக்குள் (மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள்) பொடி சுருங்கும், ஓரம் வியர்க்கும், 116இல் ஆரம்பித்து 120 வரை இழுத்துக்கொண்டு போகும். சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், உருகுநிலைக்குப் பக்கத்தில் நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அவசரப்பட்டால் எந்தப் பொடியும் உனக்குப் பொய் சொல்லும்.

இன்னொன்று செய்து பார். யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியாக 133 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். இரண்டையும் சம அளவில் அரைத்து ஒன்றாக்கி வை. 133 வரை காத்திருக்க வேண்டாம், 100 டிகிரியை ஒட்டியே கலங்க ஆரம்பித்துவிடும். கையில் இருப்பது இன்னதுதானா என்று சந்தேகம் வந்தால், சந்தேகமில்லாத மாதிரியோடு கலந்து உருக்கிப் பார்ப்பது இதை வைத்துத்தான். இறங்காவிட்டால் அதே பொருள். ஆனால் கரையாத தூசி, மணல் மாதிரியானவை உருகுநிலையை அசைக்காது. 0.1 சதவீத மாசும் இதில் தெரியாது.

சிப்ஆலை_சிங்கப்பூர்

எங்கள் உலகத்தில் சதவீதமே பேசுவதில்லை, ஒன்பதுகளைத்தான் எண்ணுவோம். சில்லு செய்யும் சிலிக்கான் ஒன்பது ஒன்பது (99.9999999 சதவீதம்), பதினொரு ஒன்பது என்று போகும். சிலிக்கானை ட்ரைகுளோரோசிலேன் ஆக்கி, அந்தத் திரவத்தைக் காய்ச்சி வடித்துச் சுத்தம் செய்து, மறுபடி சிலிக்கானாகப் படிய வைப்பார்கள். கழுவும் தண்ணீருக்கு 25 டிகிரியில் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தடை வேண்டும். தண்ணீரே கொஞ்சம் அயனியாகப் பிரிவதால் அதற்கு மேல் போக முடியாது. இதிலும் பிப்பெட் சொன்ன சங்கதி உண்டு. அயனி ஆகாத கரிமப்பொருள் இருந்தாலும் மீட்டர் 18.2 என்றே காட்டும். அதற்கு டிஓசி (மொத்தக் கரிமக் கார்பன்) என்று தனி அளவு பார்க்கிறோம்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. '99.999 சதவீதம், உலோக அடிப்படையில்' என்று லேபிளில் இருந்தால், மற்ற உலோகங்களை மட்டும் தேடிக் கழித்திருக்கிறார்கள் என்று பொருள். ஈரம், கார்பன், ஆக்சிஜன், குளோரைடு எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. அந்தப் பாட்டிலை உடைத்து ஈரம் பார்த்தால் ஒரு சதவீதம்கூட இருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை எப்போதும் சின்ன எழுத்தில்தான் இருக்கும்.

சோப்புப்பட்டறை_ஈரோடு

இவ்வளவு பெரிய ஆட்கள் நடுவில் கேட்கலாமா தெரியவில்லை. வீட்டில் சோப்பு செய்து விற்கிறேன். ஆன்லைனில் கிளிசரின் வாங்குகிறேன், 99.7 சதவீதம் என்று ஒட்டியிருக்கிறது. இருமல் மருந்தில் விஷம் கலந்து குழந்தைகள் இறந்த செய்தி படித்ததிலிருந்து கையில் எடுக்கவே பயமாக இருக்கிறது. வீட்டிலேயே சோதிக்க ஏதாவது வழி உண்டா?

பாரிமுனை_வியாபாரி

அம்மா, கூடவே சிஓஏ வாங்குங்கள், பகுப்பாய்வுச் சான்றிதழ். அதில் ஐபி (இந்திய மருந்தியல் தரநூல்) கிரேடு என்று இருந்தால் கவலை வேண்டாம். நான் இந்தத் தொழிலில் ரொம்ப நாளாக இருக்கிறேன். ஒவ்வொரு பீப்பாயையும் சந்தேகப்பட்டால் ஒருவரும் வியாபாரம் செய்ய முடியாது. எனக்கு மேலே இருப்பவர் தரும் சான்றிதழை அப்படியே கீழே தருகிறேன். எங்கோ ஒரு இடத்தில் நம்பித்தான் ஆக வேண்டும்.

பிப்பெட்

உங்கள் நேர்மையைச் சந்தேகப்படவில்லை அண்ணா. ஆனால் 'அப்படியே கீழே தருகிறேன்' என்பதில்தான் எனக்குத் தூக்கம் போகிறது. 2006இல் பனாமாவில் நடந்தது என்ன? சீனாவில் புறப்பட்ட பீப்பாய்கள் பார்சிலோனா வழியாகப் பனாமாவுக்குப் போயின. 99.5 சதவீதக் கிளிசரின் என்று சான்றிதழ் இருந்தது. உள்ளே இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால், கிளிசரின் போலவே இனிக்கும் விஷத் திரவம். வழியில் ஒவ்வொரு கையும் சான்றிதழைத் திருத்தித் தன் பெயரில் போட்டுக்கொண்டது, முதலில் தயாரித்தவரின் பெயர் காணாமல் போனது. யாரும் பீப்பாயைத் திறந்து பார்க்கவில்லை. அரசு ஆய்வகமே அதை இருமல் மருந்தில் கலந்தது. ஏராளமானோர் இறந்தார்கள்.

இது நமக்குத் தொலைவான கதை இல்லை. 1972இல் சென்னையிலேயே இதே விஷத்தால் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். 1986இல் மும்பையில் மருத்துவமனையில் கொடுத்த கிளிசரின். 1998இல் குர்கான். 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள். அந்த சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்ததில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம். மூலப்பொருளில் அனுமதி 0.1 சதவீதம். 0.1ஐயும் 0.2ஐயும் பிரித்துப் பார்க்க நல்ல ஜிசி வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். 48.6ஐப் பார்க்க ஒரு டிஎல்சி (மெல்லடுக்கு குரோமட்டோகிராஃபி) தகடு போதும். அடியோரத்தில் புள்ளி வைத்து, கரைப்பானில் ஏற்றி, பெர்மாங்கனேட் தெளித்தால் தனிப் புள்ளியாக வந்து நிற்கும். அரை மணி நேர வேலை. அதைச் செய்ய ஆளில்லாமல் போனதை நினைத்தால் வயிறு எரிகிறது.

கறார்பேர்வழி

அமெரிக்காவில் இந்த விஷயத்துக்கு 1937லேயே முற்றுப்புள்ளி வைத்துவிட்டார்கள் என்று படித்தேன்.

பழைய வாத்தியார்

சல்ஃபனிலமைட் எலிக்சர் விவகாரம். அதில் கொடுமை என்னவென்றால், டைஎத்திலீன் கிளைக்கால் மாசாக நுழையவில்லை. இனிப்பாக இருக்கிறது, மருந்தைக் கரைக்கிறது என்று கரைப்பானாகவே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், அதில் முப்பதுக்கு மேல் குழந்தைகள். அப்போது விஷம் என்பதற்காக மருந்தைப் பறிமுதல் செய்ய அங்கே சட்டம் இல்லை. எலிக்சர் என்றால் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தவறு என்று சொல்லித்தான் திரும்பப் பெற்றார்கள். 1938இல் புதுச் சட்டம் வந்தது. நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023 ஜூன் முதல் ஏற்றுமதியாகும் இருமல் மருந்துக்கு அரசு ஆய்வகச் சோதனை கட்டாயம் என்றார்கள். உள்ளூர்க் குழந்தை குடிக்கும் மருந்துக்கு அந்தக் கட்டாயம் அப்போது வரவில்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சோப்புப்பட்டறை_ஈரோடு

அப்போ வீட்டில் ஒன்றும் செய்ய முடியாதா?

பிப்பெட்

அக்கா, நேர்மையாகச் சொன்னால், பாதுகாப்பானது என்று உறுதி செய்ய வீட்டில் வழி இல்லை. மோசமானது என்று கண்டுபிடிக்க ஓரளவு வழி உண்டு. கிளிசரின் 100 மில்லி எடுத்தால் 126 கிராம் நிற்கும், டைஎத்திலீன் கிளைக்கால் 112 கிராம்தான். உங்களிடம் எடைத் தராசும் ஒழுங்கான அளவுக் குடுவையும் இருந்தால் 120 கிராம் வந்தாலே திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் தண்ணீர் கலந்திருந்தாலும் குறையும், அதனால் காரணம் தெரியாது. 1 சதவீதக் கலப்படம் இதில் தெரியவே தெரியாது. முகர்ந்தோ நாக்கில் வைத்தோ பார்க்காதீர்கள். இரண்டுமே நிறமற்றது, இரண்டுமே இனிப்பு. மொத்தமாக வாங்குகிறீர்கள் என்றால் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள தனியார் ஆய்வகத்தில் ஒரு மாதிரி கொடுத்து ஜிசி பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் செலவை நான்கு பேர் சேர்ந்து பகிர்ந்துகொள்ளலாம்.

நீலலிட்மஸ்

ஒரு சந்தேகம். எல்லாச் சோதனையும் செய்து, நிறை சமன்பாடும் பொருந்தி, 99.9 வந்துவிட்டால் அந்தப் பொருள் சரி என்று கையெழுத்துப் போடலாம்தானே?

பிப்பெட்

எதற்குப் பயன்படப் போகிறது என்பதைப் பொறுத்தது. வால்சார்ட்டான் என்ற ரத்த அழுத்த மாத்திரை 2018இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அஸே எல்லாம் பிரமாதம். உள்ளே என்டிஎம்ஏ இருந்தது, புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. ஒரு நாளைக்கு 96 நானோகிராம் என்று எல்லை வைத்தார்கள். 320 மி.கி. மாத்திரைக்கு அது 0.3 பிபிஎம் (பத்து லட்சத்தில் 0.3 பங்கு). அஸேயில் ஒன்றிரண்டு சதவீதம் அப்படி இப்படி ஆடும்போது 0.3 பிபிஎம் எங்கே தெரியும்? தயாரிப்பு முறையை மாற்றியபோது டைமெத்தில்ஃபார்மமைடு கரைப்பானாக இருந்தது, மிஞ்சிய அசைடு என்ற வினைபொருளை அழிக்க நைட்ரைட் போட்டார்கள். இரண்டும் ஒரே பாத்திரத்தில் சந்தித்தால் என்ன பிறக்கும் என்று காகிதத்தில் எழுதிப் பார்த்திருந்தால் தேட வேண்டியது எது என்று தெரிந்திருக்கும். தேடத் தெரிந்த பிறகு ஜிசிஎம்எஸ் என்ற நுண்ணிய கருவி கண்டுபிடித்துவிட்டது.

ஆகவே கையெழுத்துக்கு முன் உற்பத்திப் பிரிவின் பேட்ச் ஷீட்டை வாங்கிப் படியுங்கள். என்னென்ன ஊற்றினார்கள், எந்தக் கரைப்பானை மீட்டெடுத்து மறுபடி பயன்படுத்தினார்கள், எந்தப் பாத்திரத்தில் முன்பு வேறு பொருள் ஓடியது என்று கேளுங்கள்.

பாரிமுனை_வியாபாரி

பிப்பெட் தம்பி, நீங்கள் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஆய்வகம் வைக்க வசதி இல்லை. என் மட்டத்தில் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

பிப்பெட்

நிறைய முடியும் அண்ணா. ஒன்று, தயாரித்தவரின் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள மூலச் சான்றிதழின் நகல் இல்லாமல் கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், சார்பிட்டால் மூன்றையும் ஏற்காதீர்கள். பீப்பாயின் சீல் எண்ணும் சான்றிதழில் உள்ள பேட்ச் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று இறக்கும்போதே பாருங்கள். தொழில்துறை கிரேடு பீப்பாயும் ஐபி கிரேடு பீப்பாயும் ஒரே கிடங்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டாம். பெரிய பீப்பாயிலிருந்து சின்னக் கேனுக்கு மாற்றி விற்கிறீர்கள் என்றால் அந்தக் கேன் மருந்துக்குப் போகக் கூடாது, பில்லிலேயே அப்படி எழுதுங்கள்.

வாங்குகிற மருந்து ஆலை செய்ய வேண்டியது தனி. பத்துப் பீப்பாய் வந்தால் பத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து ஒரு சோதனை செய்கிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஒரு பீப்பாயில் மட்டும் டைஎத்திலீன் கிளைக்கால் 0.9 சதவீதம் இருந்தால், பத்தில் கலந்தபின் 0.09 ஆகித் தேறிவிடும். இந்த மூன்று திரவங்களுக்கும் அடையாளச் சோதனையும் டைஎத்திலீன் கிளைக்கால் சோதனையும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் தனியாக நடக்க வேண்டும். நீலலிட்மஸ், உங்கள் ஆலையில் மாதிரி எடுக்கும் முறை எப்படி என்று நாளைக்கே எஸ்ஓபியை (செயல்முறை ஆவணத்தை) எடுத்துப் பாருங்கள். கலந்து எடுப்பதாக இருந்தால் மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.